எச்சில் கொடுத்த தெரு

அந்த ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் சலவைக்கூடம் இருந்தது. ஆறு மாடியிலும் நோயாளிகள் படுத்து எழுந்த விரிப்புகள் ஒரு தகரக் குழாய் வழியாகத் தொப்தொப்பென்று அங்கே வந்து விழும். ரத்தம் பட்டது சிவப்புப் பையில், மற்றது வெள்ளைப் பையில் என்று சட்டம். சட்டமெல்லாம் சுவரில் ஒட்டிவைக்கத்தான். வெள்ளைப் பையைப் பிரித்தால் உள்ளே என்னென்ன இருக்கும் என்று இங்கே எழுதினால் படிப்பவர்களுக்குச் சாப்பாடு இறங்காது.

அவற்றைப் பிரிப்பது, துவைப்பது, தேய்ப்பது, மடிப்பது எல்லாம் கீழ்த்தெரு ஜனங்கள். அப்பன் பாட்டன் காலத்தில் எங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள். வெளியார் யாரும் அவர்களுக்குப் பெண் கொடுக்கவும் மாட்டார்கள், அவர்களிடம் எடுக்கவும் மாட்டார்கள். பஸ்ஸில் கீழ்த்தெருக்காரருக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் கால் கடுக்க நின்றுகொண்டே வருகிற கனவான்கள் அந்த ஊரில் ஏராளம்.

பை பிரிக்கும் மேஜையில் நின்றவளை எல்லாரும் வாயாடி என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்திருந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு அவளே சாட்சி. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு ஒற்றை மகளை அந்த வாயை வைத்துத்தான் வளர்த்தாள். சிடுமூஞ்சி சூப்பர்வைசரிடம் பேசி அடுத்தவர்களுக்குக்கூட லீவு வாங்கித் தருவாள். தெருவில் இரண்டு பேர் சண்டை போட்டால் நடுவில் புகுந்து, இருவரும் சேர்ந்து அவளைத் திட்டுகிற அளவுக்குப் பேசிச் சமாதானம் செய்துவைப்பாள்.

கீழ்த்தெருவில் ஒரு நோய் உண்டு. தளர்ச்சி என்பார்கள், அதையும் கதவைச் சாத்திக்கொண்டு. முதலில் சட்டைப் பொத்தான் போட வராது. பிறகு கை நடுங்கும், நாக்கு தடிக்கும், கால் மடங்கும். வாலிபம் முடிவதற்குள் வந்துவிடும். சீக்கிரம் சாகவும் விடாது. அது வந்தவரை உள்ளறையில் போட்டு, அவர் குழறுவதும் விழுவதும் தெருவுக்குக் கேட்காமல் இருக்க ரேடியோவை அலறவிடுவார்கள். கேட்டால் வெளியூரில் வேலை என்பார்கள். கேட்டவரும் அப்படியா என்று தலையாட்டுவார், ஏனென்றால் அவர் வீட்டு உள்ளறையிலும் ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். தெருவே சேர்ந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தது. எல்லாம் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் அமையாமல் போய்விடுமோ என்கிற பயம்.

வாயாடியின் அண்ணனுக்குத் தளர்ச்சி வந்து பல வருஷம் ஆகிவிட்டது. அண்ணன் மகனுக்கும் அவள் மகளுக்கும் சின்ன வயதிலேயே பேசி வைத்தாயிற்று. இப்போது இரண்டும் எதிரெதிரே வந்தால் முகம் சிவக்கிற வயது. வாயாடிக்கு மட்டும் அடிவயிற்றில் ஒரு கல் கிடந்தது. அண்ணனுக்கு வந்தது ரத்தத்தில் வருகிற நோய் என்றால், அவன் மகனுக்கும் வரலாம், நாளைக்குப் பிறக்கிற பேரப்பிள்ளைக்கும் வரலாம். ரத்தத்தில் வருவதா இல்லையா என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். இல்லையென்றால் கல்யாணம். ஆமென்றால், அண்ணன் காலில் விழுந்தாவது இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். இதற்கு ஒரு பதில் கிடைக்காமல் அவளுக்குத் தூக்கமே சரியாக இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பெரிய டாக்டர் சலவைக்கூடத்துக்கு இறங்கி வந்தார். அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரிந்து மாடியிலிருந்து விரிப்பைத் தவிர வேறு எதுவும் இறங்கியதில்லை. மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார், பிறகு மரியாதைக்காக அதை எடுத்தார், உடனே முகம் சுளித்தார். ஒரு தள்ளுவண்டியைக் கவிழ்த்து மேடை போட்டுக்கொடுத்தார்கள்.

"உலகத்துல எத்தனையோ மரபணு ஆய்வு நடக்குது. அதுல உங்கள மாதிரி சின்னச் சமூகங்களுக்கு இடமே இல்ல. பெரிய சமூகத்து ஆளுங்க உடம்ப வச்சே மருந்து பண்றாங்க. அது உங்களுக்குப் பொருந்தாமப் போகுது. இது அநியாயம் இல்லையா? ரத்தம் வேண்டாம், ஊசி வேண்டாம். கொஞ்சம் எச்சில் குடுத்தாப் போதும்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். நியாயத்தைப் பேசியே கழுத்தறுக்கிற வித்தை இந்த உலகத்தில் படித்தவர்களுக்கு மட்டும் கைவந்திருக்கிறது.

வாயாடி மட்டும் கேட்டாள். "தளர்ச்சி ரத்தத்துல வருதான்னு அதுல தெரியுமா சார்?"

சலவைக்கூடத்தில் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. மனிதர்கள் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அந்த வார்த்தையை அங்கே யாரும் அதுவரை உரக்கச் சொன்னதில்லை.

"தெரியும்மா. முடிவு வந்ததும் முதல்ல உங்க ஜனங்களுக்குத்தான் சொல்லுவோம்" என்றார் பெரிய டாக்டர். அவளைக் கூர்ந்து பார்த்தார். "நீங்க நல்லாப் பேசறீங்க. எங்களுக்கு உங்கள மாதிரி ஒருத்தர்தான் வேணும்."

மறுநாளே அவள் கழுத்தில் ஒரு நாடா ஏறியது, அதில் புகைப்படத்தோடு அட்டை. சமூகத் தூதர் என்று போட்டிருந்தது. அன்று முதல் வேலை முடிந்த பிறகு வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"இத்தன காலம் நம்மளப் பாத்துத் துப்புனாங்க. இப்ப நம்மளையே துப்பச் சொல்லி பாட்டில்ல புடிச்சிட்டுப் போறாங்க. முன்னேத்தம்தான்" என்று கிண்டலடித்தான் வண்டி தள்ளுகிறவன். இரும்பு என்பது அவன் பட்டப்பெயர். ஆள் ஆறடி, ஈரத்துணி மூட்டையை ஒற்றைக் கையால் தூக்குவான்.

"நீ துப்புனா பாட்டிலே உருகிடும்டா" என்றாள் வாயாடி.

ஆனால் சிரிக்கவைத்தே சம்மதிக்கவைத்தாள். அவள் முகத்துக்காகத்தான் கொடுத்தார்களே தவிர, எந்தக் கீழ்த்தெருக்காரனும் பெரிய டாக்டர் முகத்துக்காகக் கொடுக்கவில்லை. தெருச் சங்கக் கட்டடத்தில் மேஜை போட்டார்கள். நடக்க முடியாதவர்கள் இருந்தால் எச்சில் பிடிக்கும் குழாயை வீட்டுக்குக் கொண்டுபோய் நிரப்பிக்கொண்டு வரலாம் என்றார்கள். சரியான யோசனை என்று வாயாடியே அதற்கும் தூது போனாள். உள்ளறையில் கிடப்பவர்களின் பெயரைச் சொல்லவே கூசிய வீடுகள், அவள் கெஞ்சியதும் குழாயை முந்தானையில் மறைத்து வாங்கிக்கொண்டு போயின. கொடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு பை, அதில் ஒரு கோப்பை, ஒரு துண்டு. காலமெல்லாம் துண்டு துவைத்த ஜனங்களுக்குத் துண்டையே பரிசாகக் கொடுத்த மூளையை என்னவென்று சொல்வது!

மாதங்கள் போயின. ஒருநாள் ஆஸ்பத்திரியின் பெரிய கூடத்தில் நன்றி விழா வைத்தார்கள். கீழ்த்தெருவே குளித்து முழுகி வந்து பின்வரிசைகளில் உட்கார்ந்தது. மேடையில் வாயாடியின் பெரிய படம்: குழாயை வாயருகே பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பெரிய டாக்டர் நெடுநேரம் பேசினார். எதுவும் புரியவில்லை. கடைசியில் கீழ்த்தெருவைப் பார்த்து, அவர்கள் தளர்ச்சி என்று சொல்லும் நோய்க்கு அவர்களுடைய மரபணுவில் காரணம் எதுவும் காணப்படவில்லை என்றார். சுத்தம், நல்ல சாப்பாடு, நல்ல பழக்கம் இருந்தால் ஆரோக்கியமாக வாழலாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

மற்றவர்களின் அழுக்கைக் கழுவுகிற ஜனங்களுக்குச் சுத்தத்தைப் பற்றிப் பாடம்! வேறொரு நாளாக இருந்தால் வாயாடி எழுந்து நின்று நாலு கேள்வி கேட்டிருப்பாள். அன்று அவள் காதில் ஒன்றுதான் விழுந்தது. ரத்தத்தில் இல்லை. அடிவயிற்றுக் கல் கரைந்துவிட்டது. படிக்கட்டிலேயே மகளைக் கட்டிப்பிடித்து, "ரத்தத்துல இல்லையாம்டி, டாக்டரே சொல்லிட்டாரு" என்று அழுதாள். அடுத்த மாதமே கல்யாணத்தை முடித்தாள். மகள் அண்ணன் வீட்டு மாடியறைக்குக் குடிபோனாள். இப்போது அவளுக்கு ஏழாம் மாதம்.

குட்டு உடைந்தது ஒரு தேநீர் வேளையில். வாயாடியிடம் கோப்பை இல்லை, கை தவறி உடைந்துவிட்டது. இரும்பு தன் பையிலிருந்து ஆய்வுக்காரர்கள் கொடுத்த கோப்பை ஒன்றை எடுத்து நீட்டினான்.

"வச்சுக்கக்கா. வீட்ல இன்னும் ஆறு இருக்கு."

"ஆறா? எச்சில் கடை வச்சியா நீ?"

"கடைதான்!" இரும்பு பெருமையாகச் சிரித்தான். "உள்ளறை ஆளுங்க எச்சிலக் குடுத்தா, நோய் இருக்குறது ஊருக்கே தெரிஞ்சிடும்னு எல்லாருக்கும் பயம். நம்ம தெருவுலயே நோய் நொடி இல்லாத ஆளு யாரு? இந்த இரும்புதானே. ஒவ்வொரு வீடாக் கூப்பிட்டு, அவங்க பேர்ல என்னைய துப்பச் சொன்னாங்க. துண்ட அவங்க எடுத்துக்கிட்டாங்க, கோப்பை எனக்கு. ஏங்கா, உங்க அண்ணன் பேர்லயும் நான்தானே துப்புனேன். உனக்குத் தெரியாதா?"

வாயாடி கோப்பையை அப்படியே வைத்துவிட்டு, நீராவிப் பெட்டிகள் இருக்கும் பக்கம் போனாள். அண்ணி அங்கே டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அண்ணன் குழாய்ல துப்புனது யாரு?"

அண்ணி நீராவிப் பெட்டியைப் புஸ்ஸென்று அழுத்தினாள். முகம் புகைக்குள் போய்த் திரும்பி வந்தது. மறுக்கக்கூட இல்லை.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணணும்னு சொல்லுவாங்க. நான் ஒண்ணுதானே சொன்னேன்?"

"உங்களுக்காகவா கேட்டேன்? பொண்ணுக்காகக் கேட்டேன். ரத்தத்துல இருக்கான்னு தெரிஞ்சுக்கத்தானே தெருத் தெருவா நாயா அலைஞ்சேன்?"

"தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்ப? கல்யாணம் வேண்டாம்னு சொல்லியிருப்ப. எம்புள்ள என்ன, காலம் பூரா ஒத்தையில நிக்கணுமா?" அண்ணியின் கண் கலங்கியது, கை மட்டும் தேய்த்துக்கொண்டே இருந்தது. "நல்லபடியா நடந்து வயித்துல புள்ளையும் வந்தாச்சு. வாய மூடிட்டுப் போ."

வாயாடிக்கு அண்ணியைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. தெருவை நினைத்தாலும் அருவருப்பாக இருந்தது. ஊசியில்லை வலியில்லை, சொந்த நோயைக் கண்டுபிடிக்க வந்த குழாயில் ஒரு தடியனின் எச்சிலை நிரப்பிக் கொடுத்துவிட்டு, துண்டை மடித்து அலமாரியில் வைத்துக்கொண்ட புத்திசாலிகள்! இந்தக் காரியத்தை உலகத்தில் வேறு எந்த ஜனங்களும் செய்திருக்கமாட்டார்கள். ஆனால் பாவம், டாக்டர் என்ன செய்வார்? அவரை நாமே ஏமாற்றிவிட்டோம், போய் உண்மையைச் சொன்னால் மறுபடி பார்த்துச் சொல்வார் என்று நினைத்தாள். அப்படியும் ஒரு நம்பிக்கை அவளுக்கு மிச்சமிருந்தது.

ஆறாவது மாடிக்குப் போனாள். வராந்தாச் சுவரில் அவளுடைய அதே படம், கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. கீழே, அனைவரும் பங்கேற்போம் என்று எழுதியிருந்தது. பெரிய டாக்டர் மேஜைமேல் காகிதம் விரித்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"அட, நம்ம தூதர்! வாங்க வாங்க."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். குனிந்த தலையோடு, தெரு முழுக்கச் செய்த குற்றத்தைத் தானே செய்ததுபோலச் சொன்னாள். டாக்டர் ஒரு சுளையை வாயில் போட்டு, விதையை உள்ளங்கையில் துப்பிக் காகிதத்தில் வைத்தார்.

"தெரியுமே" என்றார்.

"என்ன சார் தெரியும்?"

"ஒரே ஆளோட எச்சில் வேற வேற பேர்ல வந்தா மெஷின் உடனே காட்டிடும்மா. ஒரு அம்மா பேர்ல ஆம்பள எச்சில் வந்திருந்துச்சு. லேப்ல எல்லாரும் சிரிச்சாங்க." அவரும் சிரித்தார். "நோயாளிங்கன்னு குறிச்சதுல உருப்படியா ஒண்ணுகூட இல்ல. எல்லாத்தையும் எடுத்துட்டோம்."

"தெரிஞ்சும் எங்கிட்ட ஏன் சார் கேக்கல? நான் கீழதானே இருக்கேன்? ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒவ்வொரு உள்ளறையிலயும் நானே போய் வாங்கிட்டு வந்திருப்பேனே!"

"தேவைப்படலம்மா." அவர் குரலில் கோபமோ கூச்சமோ இல்லை. "எங்க ஆய்வு இதயநோயப் பத்தினது. எல்லாச் சமூகத்துலேர்ந்தும் ஆரோக்கியமான ஆளுங்க வேணும், ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு. சிறுபான்மையினர் இவ்வளவு பேர் இருந்தாத்தான் அனுமதியே குடுப்பாங்க. உங்க தெருவுல மத்தவங்க குடுத்தது அதுக்குப் போதுமா இருந்துச்சு. தளர்ச்சி அது இதுன்னு நீங்க ஆர்வமாக் கேட்டீங்க. அத வேண்டாம்னு சொன்னா உங்க ஜனங்க வந்திருக்க மாட்டாங்க."

வாயாடி மேஜையை ஒட்டி வந்து நின்றாள்.

"அப்ப மேடையில சொன்னது?"

"காரணம் காணப்படலைன்னு சொன்னேன். தேடினாத்தானே காணப்படும்? ஒரு விழான்னா நல்ல சேதியோட முடிக்கணும் இல்லையா?"

"அந்த நல்ல சேதிய நம்பித்தான் சார் எம்பொண்ணக் கட்டிக்குடுத்தேன். அவளுக்கு இப்ப ஏழாம் மாசம். அவளையும் மாப்பிள்ளையையும் இப்பவாவது பாத்துச் சொல்லுங்க."

"அந்த ஆய்வு முடிஞ்சு போச்சேம்மா." டாக்டர் யோசித்தார், பிறகு முகம் மலர்ந்தது. உண்மையாகவே மலர்ந்தது. "ஆனா அடுத்தது வருது. பிறந்த குழந்தைங்களோட குதிகால்ல ஒரு சொட்டு ரத்தம். உங்க தெருவையும் சேக்கலாம்னுதான் இருக்கோம். உங்க பேரக்குழந்தைய முதல்ல பதிஞ்சுக்கலாம். நீங்களே தூதரா இருங்க, அட்டை அதே அட்டைதான். என்ன சொல்றீங்க?"

அவள் நின்ற இடத்திலிருந்து பார்த்தால், மேஜைமேல் எச்சில் படிந்த விதைகள் வரிசையாகத் தெரிந்தன. இன்னும் பிறக்காத பிள்ளையின் காலுக்கு ஆள் வந்துவிட்டது. கழுத்து நாடாவைக் கழற்றி அந்த விதைகளுக்கு மேலே போட்டாள். டாக்டர் அதை விரல் நுனியால் தள்ளிவிட்டு, பக்கத்திலிருந்த கிருமிநாசினிப் புட்டியை அழுத்திக் கையைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தாள்.

வராந்தாவில் தன் படத்துக்கு முன்னால் நின்றாள். வாயெல்லாம் புளித்துக் கிடந்தது. காறி அந்தப் பளபளப்பான தரையில் துப்ப வேண்டும் போலிருந்தது. துப்பினால் யாரோ ஒரு துணியைப் போட்டுத் துடைப்பார்கள். அந்தத் துணி வெள்ளைப் பையில் கீழேதான் வரும், பிரிக்கிறவளும் கீழ்த்தெருக்காரிதான். விழுங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். மகளிடம் சொல்லிவிட வேண்டும், வேறு ஆஸ்பத்திரி, வேறு டாக்டர், எங்கேயாவது போய்க் கேட்க வேண்டும், இன்னும் நேரம் இருக்கிறது என்று வழியெல்லாம் கணக்குப் போட்டாள். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. வாசல் கதவைத் தள்ளினாள். அண்ணனின் உள்ளறையில் வழக்கம்போல ரேடியோ யாரோ ஒருவருடைய பிரசங்கத்தை அலறிக்கொண்டிருந்தது. படியேறினாள். பாதிப் படியில் கால் நின்றது.

மேலேயும் ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

மாடியறைக் கதவு ஒருக்களித்திருந்தது. இரும்புக் கட்டிலில் மருமகன் வேலைக்குக் கிளம்ப உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் மகள், பிள்ளை வயிற்றைச் சரித்துக்கொண்டு மண்டியிட்டு, அவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மாவைக் கண்டதும் எழப் பார்த்தாள், முடியவில்லை. "ஒண்ணுமில்லம்மா. பொத்தான் இறுக்கமா இருக்கு, அதான்."

சட்டை பழைய சட்டை. துவைத்துத் துவைத்துப் பொத்தான் துளைகளெல்லாம் பெருத்துப்போயிருந்தன. மருமகன் அத்தையின் முகத்தைப் பார்க்காமல் வலது கையை எடுத்துக் கட்டிலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

"எத்தன நாளாடி?"

"அய்யோ, அது இது இல்லம்மா! வேலை ஜாஸ்தி, கை அசந்திருக்கு. அது எப்படி வரும்?" மகள் வேகவேகமாகப் பேசினாள். பேசிக்கொண்டே கையை நீட்டி ரேடியோவின் சத்தத்தை இன்னும் கூட்டினாள். "ரத்தத்துல இல்லேன்னு நீதானே வந்து சொன்ன? படிக்கட்டுல என்னையக் கட்டிப்புடிச்சு அழுதியே, மறந்துட்டியா?"

வாயாடி அறைக்குள் போய் ரேடியோவை அணைத்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கட்டிலுக்குப் பின்னால் மறைத்துவைத்த கையில் இருந்த கல்யாண மோதிரம், இரும்புச் சட்டத்தில் டக்டக்கென்று விடாமல் தட்டிக்கொண்டிருந்தது.